காத்து இருக்கு

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று பஞ்சர். மூன்றும் ஒரே ஆளுடைய வண்டி. மனிதர் ஆணி வியாபாரம் செய்கிறாரோ என்னவோ.

மதியம் பாப்பா கடைக்கு வந்தாள். இருபத்தாறு வயதாகிறது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், லீவு நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து கார் பந்தயம் ஓட்டுகிறாள். இருந்தாலும் எனக்குப் பாப்பாதான். என்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் பார்த்தது காற்றடிக்கிற என் கம்ப்ரஸரை.

"அப்பா, இதைப் பந்தயத்துக்குத் தருவீங்களா? சக்கரத்து நட்டைக் கழட்டுற கன் காத்துலதான் ஓடும். எங்களோடது மண்டையப் போட்டுருச்சு."

"தர்றேன். ஆனா அது என்னை விட்டுத் தனியா எங்கேயும் போகாது."

"தெரியும். அதனாலதான் யோசிச்சேன்."

வீட்டை விட்டுப் போனபிறகு அவள் என்னிடம் கேட்கிற முதல் பொருள் இது. காசு கேட்டதில்லை, யோசனை கேட்டதில்லை. கேட்டாலும் இரண்டும் என்னிடம் கிடையாது. காற்று இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

வீட்டுக்காரியிடம் இன்றுதான் சொன்னேன். "ஊருக்கெல்லாம் காத்தடிச்சது போதாதுன்னு இப்ப பந்தயத்துக்கு வேறயா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் பழைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கிரீஸ் படப்போகிற சட்டைக்கு இஸ்திரி!

பிப்ரவரி 11, ஞாயிறு

பயிற்சி நாள். ஓடுபாதை ஓரமாக வரிசையாகத் தகரக்கூரை போட்ட கூடங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. பிட் என்கிறார்கள். பந்தயத்தின் நடுவில் கார் ஒருமுறை உள்ளே வரும். ஜாக்கியில் தூக்கி, நான்கு சக்கரத்தையும் மாற்றி, விரட்டிவிட வேண்டும். கன்னைப் பிடிப்பவன் வங்கியில் வேலை பார்க்கிறான். மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அது முதலில் வந்துவிடும், பிறகுதான் அவன் வருவான்.

முதல் தடவை கன் புஸ்ஸென்று ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது.

"அங்கிள், காத்தே வரல."

கம்ப்ரஸரில் காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வால்வைத் தட்டினேன். தொழில் தெரிந்தவன் யோசிக்கிறான் என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன். பாப்பா காரை விட்டு இறங்கி வந்து என் காலைப் பார்த்தாள்.

"அப்பா, ஹோஸ் மேல நிக்கிறீங்க."

அப்புறம் எனக்கும் ஒரு ரேடியோ கொடுத்தார்கள். முள் எட்டைத் தாண்டினால்தான் கன்னுக்குப் பலம். உள்ளே வருவதற்கு முன் பாப்பா கேட்பாள், நான் நிலவரம் சொல்ல வேண்டும். கையில் ரேடியோ வந்ததும் எனக்கு என்ன ஆனதோ, செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "காற்று தயார் நிலையில் உள்ளது, வாகனம் உள்ளே வரலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது ரேடியோவில் கேட்டது. சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. அதை இன்னொரு தடவை கேட்பதற்காக மத்தியானம் முழுக்கச் செந்தமிழிலேயே பேசினேன்.

பிப்ரவரி 17, சனி

தடிமனாகப் புது ஹோஸ் வாங்கினேன். என்னைத் தாங்குமா என்று கடையிலேயே ஏறி நின்று பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பந்தயத்தில் பாப்பா மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று பேருக்குத்தான் மேடை. அவள் இதுவரை மேடை ஏறியதில்லை. டயர் தேய்ந்து வழுக்குகிறது, இந்தச் சுற்றிலேயே உள்ளே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். வளைவுக்கு முன்னால் ரேடியோவில் கேட்டாள்: "அப்பா, காத்து?"

முள் எட்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருந்த பதற்றத்தில் செந்தமிழ் எங்கே வரும்? "காத்து இருக்கு" என்றேன்.

மீசை கன்னோடு மண்டியிட்டுத் தயாராக இருந்தான். கார் உள்ளே வராமல் எங்களைத் தாண்டி நேராகப் போய்விட்டது.

அடுத்த வளைவில் டயர் பிடிக்கவில்லை. கார் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லுக்குள் போனது. ஒரே புழுதி. ஒண்ணும் தெரியல — நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. ரேடியோ பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பாப்பா பாப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். அமுக்கிக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் பேசுறது எப்படிக் கேக்கும்? மீசைதான் என் விரலப் பிரிச்சு விட்டான். அப்புறம்தான் அவ குரல் வந்துச்சு.

"எனக்கு ஒண்ணுமில்ல. எத்தனை தடவைப்பா சொல்றது?"

பதினோராவதாக முடித்தாள். வந்ததும் கேட்டாள்: "நீங்கதானே காத்திருன்னு சொன்னீங்க?"

"காத்து இருக்குன்னு சொன்னேன்மா."

கடைசி 'க்கு'வைக் கம்ப்ரஸர் விழுங்கிவிட்டிருக்கிறது.

மீசைக்குத் தாங்கவில்லை. "எந்த வீட்லயாவது மகள்கிட்ட 'காத்திரு'ன்னு பேசுவாங்களா? 'இரு'ன்னு சொல்லுவாங்க. அது கூடத் தோணலையா உனக்கு?"

"ரேடியோ கையில இருந்தா இவர் தமிழய்யா. உனக்குத் தெரியாதா?" என்றாள் பாப்பா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

கடை திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றேன். "எந்த உடம்பு?" என்றாள் வீட்டுக்காரி. பிறகு பக்கத்து அறையில் போனில் பேசிவிட்டு வந்து, "அவளுக்கு இடுப்பு லேசாப் பிடிச்சிருக்காம். வேற ஒண்ணுமில்லையாம்" என்று சுவரிடம் சொல்வது போலச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தேன். கொஞ்சம் இறங்கியது.

பிப்ரவரி 28, புதன்

நானே போன் செய்தேன். "பெரிய குழுவெல்லாம் காத்தை சிலிண்டர்ல அடைச்சு வெச்சிருக்காங்கம்மா. சத்தமே வராது. நீங்களும் ஒண்ணு வாடகைக்கு எடுத்துருங்க."

'வேண்டாம்ப்பா, நம்ம கம்ப்ரஸரே போதும்' என்பாள் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் விடாமல் வற்புறுத்துவதற்கு இரண்டு காரணம் கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சரிப்பா. நல்ல யோசனை" என்றாள். டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல யோசனை சொன்னேன். அது என் வேலைக்கே உலை வைத்துவிட்டது. வைக்கட்டும். அவள் மறுபடி புல்லுக்குள் போகாமல் இருந்தால் சரி.

மார்ச் 2, சனி

சைக்கிளுக்குக் காற்றடிக்க ஓர் அம்மா வந்தார். "காத்து இருக்கா?" என்றார். "இருக்குங்க" என்று ஒவ்வொரு எழுத்தாக வாயைத் திறந்து சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அடித்துக்கொண்டு போனார்.

மார்ச் 9, சனி

பாப்பாவிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும். இருக்காதா?

மார்ச் 14, வியாழன்

சாயங்காலம் வந்து நின்றாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, நான் சுற்றிவந்து பார்த்துவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வர்றீங்கதானே?"

"சிலிண்டர் எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்தாச்சு."

"அப்ப நான் எதுக்கு? ஜாக்கி போடணுமா?"

"அதுக்கு ஆள் இருக்கு."

"ஹோஸ் பிடிக்கணுமா?"

"ஐயோ, அது பக்கமே வராதீங்க."

"பின்ன?"

"சும்மா வாங்கப்பா."

அங்கே கிடந்த பழைய டயரைக் காலால் அமுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "அன்னிக்கு நான் புல்லுல கெடந்தப்ப, பாப்பா பாப்பான்னு ரேடியோல கத்தினீங்களே. மத்தவங்களும் அதே ரேடியோலதான் இருக்காங்க. இப்ப அங்க எல்லாருமே என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுறாங்க. மானமே போச்சு."

நான் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். வாயைத் திறந்தால் என்ன தமிழ் வருமோ.

"எனக்கு அப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. உங்க குரல் கேக்கக் கேக்கத்தான் அடங்குச்சு," என்றாள். உடனே, "சரி, நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

சும்மா போனேன்.

சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பின்னால் கட்டினால் மேற்பார்வையாளர் மாதிரி இருக்கிறது, முன்னால் கட்டினால் திட்டு வாங்குகிறவன் மாதிரி இருக்கிறது. சிலிண்டர் ஒரு சத்தமும் போடாமல் தன் வேலையைப் பார்த்தது. சக்கரம் நான்கும் மாறின. பாப்பா ஆறாவதாக வந்தாள்.

காரை விட்டு இறங்கியவள், ஹெல்மெட்டைக் கழற்றி, பக்கத்தில் நின்ற யாரிடமும் கொடுக்காமல் நேரே என்னிடம் வந்து கையில் திணித்தாள். திணித்துவிட்டு, ஒரு நட்டு ஏன் தாமதமானது என்று மீசையோடு சண்டை போடப் போய்விட்டாள். உள்ளே கை வைத்துப் பார்த்தேன். ஈரம். அவள் தலைச்சூடு இன்னும் இருந்தது.

சண்டை முடிவதாகத் தெரியவில்லை. நடுவில் மீசை என் பக்கம் திரும்பி, "அங்கிள், அதைக் கீழ வைங்க. கை வலிக்கப் போகுது" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன்.