ஏழு மணிப் படத்தில் விழுந்த கோடு

18-11, திங்கள்

காலையில் மக்பூல் அகமது பாய் வந்தார். தோல் காயப்போடும் களத்துக்கு அவர்தான் மேஸ்திரி. என் வாசலைத் தாண்டினார், ஒரு பார்வைகூட இல்லை. நேரே பக்கத்து வீட்டு ஹெலனின் மாடிப்படி ஏறினார். "ஹெலனம்மா, இன்னிக்கு மழ கீதா? தோல விரிக்கலாமா?" என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

இருபத்திரண்டு வருஷம் அதை என்னிடம்தான் கேட்டார். எந்த வருஷம் எந்தத் தேதி பாலாற்றில் தண்ணீர் வந்தது, எந்தக் காற்று அடித்தால் எத்தனை நாளில் மழை, எல்லாம் என் தலையில் இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எதையும் மறந்தவள் இல்லை. இப்போது என் தலை யாருக்கு வேண்டும்? ஹெலன் மாடியில் வானத்திலிருந்து படம் இறங்குகிறதே.

படத்தை இறக்குகிற அந்தக் கம்பியை மாடியில் நட்டது வேறு யாருமில்லை, என் பேத்தி பூர்ணிமா. காட்பாடியில் காலேஜ் படிக்கிறாள். ஆடி மாதம் முதலில் என்னிடம்தான் கேட்டாள். "ஆயா, நம்ம கூரை மேல கம்பி கட்டிக்கட்டா?" இரும்பை நட்டால் இடி விழும் என்றேன். ஷீட் கூரை, வேறு என்ன சொல்ல? ஹெலன் மறுநாளே, "என் மாடி சும்மாதான கீது, வா பாப்பா" என்றாளாம். காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

19-11, செவ்வாய்

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பூர்ணிமா சாப்பிடவில்லை. ஹெலன் பூரி சுட்டாளாம்.

22-11, வெள்ளி

மகள் மேகலா ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாய், "ஒரு வாட்டி மேல போய்ப் பாரும்மா. உன் பேத்தி செய்யறத ஊரே பாக்குது, நீ மட்டும் மூஞ்ச திருப்பிக்கினு கீற" என்றாள். போனேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பைப். அதன் தலையில் கத்தரிக்கோலை விரித்து வைத்த மாதிரி இரண்டு அலுமினியக் கம்பி. அங்கிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு. ஏழு மணிக்கு முன்னால் பூர்ணிமா விரலைத் தூக்கி, "வருது" என்றாள். வானத்தில் எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் கர்ரென்று வெறும் இரைச்சல். அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளே கடிகாரம் மாதிரி டிக் டொக், டிக் டொக். எனக்கு மயிர் சிலிர்த்தது உண்மை. முகத்தில் காட்டவில்லை.

"சாட்டிலைட் பேசுது ஆயா. யார் வேணா கேக்கலாம். ஆனா நம்ம தலைக்கு மேல கீற வரைக்கும்தான். பதிமூணு நிமிஷம். விட்டா போச்சு."

அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கோடு கோடாய்ப் படமாக்குகிறது. தையல் மிஷினில் வரி வரியாகத் தையல் விழுகிற மாதிரி. முதலில் இலங்கை வந்தது. அப்புறம் நம் ஊர். குளிர்ந்த மேகம் வெள்ளை, சூடான தரை கறுப்பு. மாநில எல்லையைக் கம்ப்யூட்டரே மேலே வரைந்துகொள்கிறது. சாட்டிலைட் ஆந்திரா மலைக்குப் பின்னால் இறங்கியதும் டிக் டொக் நின்றது.

அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஹெலன் விரலை நீட்டினாள். "கடல்ல வெள்ளையா சுருட்டிக்கினு கீதே, பாத்தியா கெங்கா? ஒரு வாரத்துல இங்க வரும்."

இவள்! கம்பெனியில் இடது கால் பீஸ் எது, வலது கால் பீஸ் எது என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் தைத்தவள்!

"ஹெலன் ஆயாவுக்கு இப்ப எல்லாம் தெரியும்" என்றாள் பூர்ணிமா.

ஹெலன் ஆயா. எத்தனை ஆயா ஒருத்திக்கு?

தொண்ணூற்று நாலு ஆகஸ்டு எட்டு, திங்கட்கிழமை. நான் தைத்ததில் மூன்று பீஸ் கோணல் என்று சூப்பர்வைசரிடம் எடுத்துக் காட்டினாள். செக்கர் வேலை எனக்கு வரவேண்டியது, அவளுக்குப் போனது. அன்றைக்கு வேலையை எடுத்தாள். இன்றைக்குப் பேத்தியை எடுக்கிறாள்.

23-11, சனி

மேகலா விவரம் சொன்னாள். பயிற்சிக்கு ஆள் எடுக்க வைக்கிற போட்டியாம் இது. அறுபது நாள், ஒவ்வொரு நாளும் ஏழு மணிப் படம் ஒன்று. டிசம்பர் பதினெட்டில் முடிகிறது. பத்து படத்துக்கு மேல் கெட்டால் சேர்க்க மாட்டார்கள். கெடாமல் கொடுத்தால் ஐதராபாத் பக்கம் பெரிய சாட்டிலைட் ஸ்டேஷன் ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சி. இதுவரை ஒன்றுகூடக் கெடவில்லை. கெட்டிக்காரி. என் வீட்டுப் பிள்ளை.

25-11, திங்கள்

ஹெலன் இன்றைக்கே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிட்டாள். மாடிப்படி வளைவில், ஆள் உயரம், உள்ளே கலர் பல்பு. பூர்ணிமாதான் ஸ்டூல் மேல் ஏறிக் கட்டியிருக்கிறாள். என் வீட்டுப் பரணில் இருந்து ஒரு பானை எடுத்துக்கொடு என்றால் கழுத்து வலிக்கும் அவளுக்கு.

மத்தியானமே ஆம்பூர் பஜாருக்குப் போனேன். முருகன் படம், தலைக்குப் பின்னால் பல்பு வட்டம் சுற்றிச் சுற்றி ஓடும். ஹெலன் படிக்கட்டு பார்த்த சுவரில் மாட்டினேன். படி ஏறுகிறவன் எவனாக இருந்தாலும் முருகன் முகத்தில் முழித்துத்தான் ஏறவேண்டும்.

வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் இந்த வெளிச்சத்தை என் கையால் அணைக்கமாட்டேன் முருகா, என் பேத்தி என் வீட்டுச் சோற்றுக்குத் திரும்பி வரணும்.

26-11, செவ்வாய்

நேற்றும் இன்றும் படம் கெட்டுவிட்டதாம். மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு, பொரி கொட்டின மாதிரி புள்ளி. பூர்ணிமா வாடிப்போய் வந்தாள். இரண்டு தோசை தின்றாள். என் வீட்டில்.

முருகன் வேலை செய்கிறான்.

29-11, வெள்ளி

ஐந்து நாள் கெட்டாகிவிட்டது. பக்கத்தில் புதிதாக ஏதோ கரண்டு சாமான் இரைகிறதாம். சாட்டிலைட் அத்தனை தூரத்திலிருந்து மெல்லப் பேசுகிறது, பக்கத்தில் ஒருத்தர் கத்தினால் அது கேட்காது என்றாள். மலிவான கலர் பல்பில் அந்தக் கத்தல் ஜாஸ்தியாம்.

"ஆயா, சாமி படத்த நாளைக்கு ஒரு நாள் மட்டும் அணைச்சுப் பாக்கட்டா?"

"வேண்டுதல்டி அது. அணைச்சா என் தலைல விடியும். அவ நட்சத்திரமும் அன்னிக்குத்தான ஏறுச்சு? அத அணைக்கச் சொல்லு. இல்ல அதுக்கு மட்டும் வாய் வராதா?"

பூர்ணிமா எழுந்து போனாள். ஹெலனிடம் கேட்டாளாம். "இதுக்கா இவ்ளோ தயங்கின? காலைல கழட்டிடறேன் பாப்பா" என்றாளாம்.

நல்லவள் வேஷம் போட அவளுக்குச் சொல்லித் தரவேண்டாம்.

30-11, சனி

புயல் மழை. மூன்று மணிக்குக் கரண்டு போனது. கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது. படம் பளிச்சென்று வந்ததாம். புயல் முழுசாக, சக்கரம் மாதிரி, ஒரு கோடு இல்லாமல். "நட்சத்திரம்தான் ஆயா" என்று குதித்துக்கொண்டு வந்தாள்.

நான் சொன்னேனா இல்லையா!

1-12, ஞாயிறு

இன்றும் கரண்டு இல்லை. படம் சுத்தம். ஹெலன் நட்சத்திரத்தைக் கோணிப்பையில் சுற்றிப் படிக்கட்டடியில் போட்டிருக்கிறாள். மழையில் ஒரு முனை நனைந்திருந்தது. பார்த்தேன்.

2-12, திங்கள்

மத்தியானம் கரண்டு வந்தது. ஏழு மணிக்குக் கோடும் வந்தது. பூர்ணிமாவுக்குத் தலை கால் புரியவில்லை. களத்து மோட்டாரா, டிரான்ஸ்பார்மரா என்று தெருத் தெருவாய் அலைகிறாள்.

3-12, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா? நான்தானே படிக்கப்போகிறேன். எழுதுகிறேன்.

முருகன் படத்துக்குக் கீழே என் ரேடியோ இருக்கிறது. 25-ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து அதில் செய்தி கேட்க முடியவில்லை, ஒரே கர்ர். பழசாகிவிட்டது என்று இரண்டு தட்டு தட்டினேன். ஆனால் சனிக்கிழமை புயல் செய்தி பேட்டரி போட்டு முழுசாகக் கேட்டேனே? ஞாயிறும் கேட்டேனே? ஒரு சொல் கெடவில்லை. நேற்று மத்தியானம் கரண்டு வந்ததும் மறுபடி கர்ர்.

காலையில் வீட்டில் யாரும் இல்லாதபோது முருகன் ஒயரைப் பிடுங்கினேன். ரேடியோ மணி மணியாகப் பேசியது. செருகினேன். கர்ர். மறுபடி பிடுங்கினேன். மூன்று தடவை.

உடனே செருகிவிட்டேன். வேண்டுதல் இருக்கிறதே.

வேண்டுதல் மட்டுமா? ஹெலனின் நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்னது யார்? இப்போது போய் என்ன சொல்வது? அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

4-12, புதன்

எட்டு நாள் கெட்டது. இன்னும் இரண்டுதான் பாக்கி. பூர்ணிமா அழுதாள். என்னிடம் வந்து அழவில்லை, ஹெலன் மடியில் கிடந்து அழுதாள். நான் என் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "விடு பாப்பா, நீ இன்னா தப்பு செஞ்ச" என்று அவள் முதுகைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. தட்டவேண்டிய கை என்னுடையது. என் கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

பூர்ணிமா அழுததுக்குக் காரணம் நான். ஆறுதல் சொல்றது ஹெலன். இது எந்த ஊர் நியாயம்? எனக்கு அவ மேலயே இன்னும் கோவம் வருதே, நான் இன்னா பொம்பள.

5-12, வியாழன்

ஆறே முக்காலுக்கு முருகன் முன்னால் நின்றேன். கரண்டு விளக்குதான் வேணும்னு நீயா கேட்ட? நானாத்தான் வாங்கினேன், ஹெலன் கண்ணுல படணும்னுதான் வாங்கினேன், உனக்குத் தெரியாதா? கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள், பேத்தியை விட்டுவிடு. பிடுங்கினேன். எண்ணெய் விளக்கு ஏற்றினேன். நாற்பத்தெட்டு நாளை ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.

படம் சுத்தம்.

6-12, வெள்ளி

சுத்தம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பூர்ணிமா தானாகச் சரியாகிவிட்டது என்கிறாள். நானும் வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. நட்சத்திரம் கோணிப்பைக்குள்தான் இருக்கிறது. இந்த மாதத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடுகளில் அவள் வீடு ஒன்றுதான் இருட்டு.

8-12, ஞாயிறு

ஹெலன் கோவிலிலிருந்து வந்தாள். புடவைகூட மாற்றவில்லை, நான் போய் நின்றேன்.

"உன் நட்சத்திரம் இல்ல. என் முருகன் படம்தான்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"கரண்டு போன ரெண்டு நாளும்தான படம் நல்லா வந்துச்சு? வந்த அன்னிக்கே கெட்டுச்சு. என் நட்சத்திரம் அப்ப கோணிப்பைல கீது. கரண்டு வந்ததும் முதல்ல மினுக்கினது உன் சுவருதான். ஞாபக சக்தி உனக்கு மட்டுந்தான் கீதுன்னு நெனச்சியா?"

"தெரிஞ்சா சொல்றதுதான! புள்ள அழுதுச்சே!"

"சொல்லலாம்னுதான் புதன்கிழம உன் வாசல் வரைக்கும் வந்தேன். நீ வெங்காயம் உரிச்சினே அழுதுகினு இருந்த. திரும்பிட்டேன். மறுநாள் நீயே அணைச்சிட்ட." உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "அந்த மூணு பீஸையும் நீ ஒத்துக்க எவ்ளோ நாளு ஆச்சு, சொல்லு? இன்னும் ஆவல. இதுக்கு நாலு நாளுதான். தேவல."

மூன்று பீஸும் கோணல்தான். அன்றைக்கு மேகலாவுக்கு ஜுரம், தூக்கமில்லாமல் தைத்தேன். முப்பது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

"பாப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். காபி கொடுத்தாள். சர்க்கரை கம்மி. குடித்தேன்.

9-12, திங்கள்

சொன்னேன். பூர்ணிமா என்னைப் பார்த்தாள். "எனக்கு எட்டு நாள் போச்சு ஆயா. நான் கேட்டேன் இல்ல உன்ன?" அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்தாள். ஹெலன் வீட்டிலும் சாப்பிடவில்லை.

10-12, செவ்வாய்

பேசவில்லை.

11-12, புதன்

விடிந்ததும் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். முகம் இன்னும் இறுக்கம்தான்.

"எந்தெந்த நாள் எத்தன மணிக்கு லைட் எரிஞ்சுது, கரண்டு எப்ப போச்சு, எப்ப வந்துச்சு, சொல்லு. படம் ஏன் கெட்டுச்சுன்னு காரணத்தோட எழுதணும்."

சொன்னேன். 25-ஆம் தேதி ஐந்தரைக்குப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக. கரண்டு போனது மூன்று மணி ஐந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துச் சரி போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. காலைப் படம் கணக்கில் சேராதாம். அது இறங்கும்போது முருகன் விளக்கை அணைத்துப் போட்டு அணைத்துப் போடச் சொன்னாள். ஸ்விட்சில் நான் நின்றேன். போட்டால் கோடு, அணைத்தால் சுத்தம். வரி வரியாக என் தப்பு அந்தப் படத்தில் விழுந்தது. அதையும் சேர்த்து அனுப்புகிறாளாம்.

எழுந்து போகும்போது, "குழம்பு இன்னா?" என்றாள்.

18-12, புதன்

அறுபதாவது படம். ஐம்பத்திரண்டு சுத்தம்.

6-1, திங்கள்

பூர்ணிமாவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில்.

20-1, திங்கள்

பூர்ணிமா போய் எட்டு நாள். அங்கே கம்பி இல்லையாம், எங்கள் வீட்டைவிடப் பெரிய கிண்ணமாம், சாட்டிலைட் போகிற பக்கமெல்லாம் அதுவே திரும்புகிறதாம். போன் ஹெலனுக்குத்தான் முதலில் வருகிறது. அவளிடம்தான் முகம் பார்த்துப் பேசுகிற போன் இருக்கிறது. எரிச்சல்தான். அதற்கென்ன செய்ய.

பழைய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். அது தானாகச் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேதியும் மேகமும் மட்டும் நாங்கள் எழுதவேண்டும். இன்றைக்கு ஏழு மணிப் படம், மேகம் இல்லை, கோடு இல்லை. ஹெலனுக்கு முட்டி வலி, படியில் நின்று நின்று ஏறினாள். அவள் மேலே வருவதற்குள் டிக் டொக் நின்றுவிட்டது. முழுப் படத்தையும் நான் ஒருத்தியாகப் பார்த்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"முடிஞ்சுது" என்றேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, பிடித்து வைத்த சத்தத்தை முதல் கோட்டிலிருந்து மறுபடி ஓட்டினேன்.