தோர்லமா வாடிய வருடம்

தாஷ்கண்ட்
9 மார்ச் 1997

என் வீட்டுக்காரருக்கு,

ரயிலில் கொடுத்தனுப்பிய பழம் போன ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. எங்கும் அடிபடவில்லை. இலையுதிர்காலத்தில் பறித்துத் தொங்கவிட்ட தோர்லமா முலாம்பழம் மார்ச்சிலும் இப்படி இனிக்கிறதே என்று ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். எங்கள் தலைவர் நாலு துண்டு தின்றுவிட்டு, "இந்தப் பழத்துக்காகவே உங்க ஊர்ல ஒரு கிளை திறக்கலாம்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு நிஜமாகவே சொன்னார்.

உங்கள் கொரெஸ்ம் வட்டாரத்து நாட்டு ரக முலாம்பழங்களில் ஒன்றாவது வாடல் நோயைத் தாங்கும் என்று நான் காட்டிவிட்டால், அடுத்த வசந்தத்தில் ஊர்கெஞ்ச் அருகே ஒரு சோதனைத் தோட்டம் வரும். பொறுப்பு எனக்குத்தான். காலையில் நம் வீட்டிலிருந்து கிளம்பிச் சாயங்காலம் நம் வீட்டுக்கே திரும்பலாம். மூன்று வருடமாக நீங்கள் அங்கே, நான் இங்கே என்று கிடப்பது முடியும்.

தோர்லமா விதையில் ஒரு கைப்பிடியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். மீதியைக் கழுவிக் காயவைத்து அதே ரயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். "பழம் தின்னவ விதையத் திருப்பிக் குடுக்கணும். கட்டிக்கொடுத்து அனுப்புற பொண்ணுதான் வச்சுக்கலாம், அவளுக்குத் தனி அடுப்பு" என்று நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே பாடம் எடுத்துவிட்டார். மறக்கவில்லை.

மெஹ்ரி

—

யாங்கியாரிக்
30 மார்ச்

மெஹ்ரிக்கு,

நலமாக இருக்கிறோம் என்று எழுதலாம். அம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. வயலில் இந்த வருடமும் உப்பு பூத்திருக்கிறது, கழுவிவிடத் தண்ணீர் இன்னும் திறக்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எடுத்துக்கொண்ட கைப்பிடியை மன்னித்துவிட்டாளாம். "அவ கை சின்னக் கைதானே" என்றாள்.

நோயைத் தாங்குமா என்று நம் தோர்லமாவைச் சந்தேகப்படுகிறாயா? கால்வாய் ஓரத்து வயல்கள் எல்லாம் ஜூலையில் வாடிச் சாய்கின்றன. மணல் ஓரத்தில் நம் கொடி மட்டும் நிற்கிறது. அங்கே மண்ணில் நோய் இல்லை என்பாய், தெரியும். அந்தக் கால்வாய்ச் சேற்றையே நாலு வருடமாக அள்ளி வந்து உரமாகப் போடுகிறேன். அப்படியும் ஒரு கொடி வாடியதில்லை. டீக்கடையில் பக்கத்து வயல் மத்யாகூப் கேட்டான், "பொண்டாட்டி எப்பய்யா வர்றா?" "பழம் பாஸானதும் வருவா"ன்னு சொல்லியிருக்கிறேன். கிழக்கு அறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டேன்.

எகம்பெர்கன்

—

தாஷ்கண்ட்
28 ஏப்ரல்

என் வீட்டுக்காரருக்கு,

இதை எப்படி எழுதுவது என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தோர்லமா வாடிவிட்டது.

நாற்றுகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, நோய்க்கிருமி கலந்த தண்ணீரில் முக்கி, மணல் தொட்டியில் திரும்ப நட்டேன். எல்லா ரகத்துக்கும் இதுதான் முறை. முதல் வாரம் உங்கள் நாற்றுகள் நிமிர்ந்து நின்றன, மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். பிறகு கீழிலை மஞ்சளித்தது. தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே நரம்பெல்லாம் பழுப்பு. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சந்தையில் யாரும் சீந்தாத ஒரு புளிப்புக் காய், பேர்கூட இல்லாதது, அதுதான் பக்கத்துத் தொட்டியில் ஜம்மென்று நிற்கிறது. ஃபெர்கானா பக்கத்திலிருந்து வந்ததாம்.

மறுபடி ஒருமுறை செய்து பார்க்கிறேன். அறைக்கு வெள்ளையடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போய்விட்டது. அதைவிட, ஒவ்வொரு தொட்டியிலும் உங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் அலுப்பாக இருக்கிறது.

மெஹ்ரி

—

யாங்கியாரிக்
16 மே

மெஹ்ரி,

தொட்டியில் வைத்தால் ஒட்டகம்கூடத்தான் செத்துப்போகும். அங்கே குழாய்த் தண்ணீர், கண்ணாடிக் கூரை. வேரைப் பிடுங்கி விஷத்தில் முக்கிவிட்டு வாடிவிட்டது என்கிறாய். நம் பழத்துக்கு என்ன தெரியும், அது பரீட்சைக்கா பிறந்தது?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்தும் இப்படி. வலது கை வீங்கிக் கிடக்கிறது. போன வாரம் விதைப்பு. எப்போதும்போல மணல் ஓரத்தில் ஒட்டகமுள் செடி ஒவ்வொன்றாகத் தோண்டி, தண்டை மண்ணுக்குக் கீழே கீறி, கீறலுக்குள் விதையைச் செருகி மூடினேன். ஒரு முள் உள்ளே போய் உடைந்துவிட்டது. ஒட்டகமுள் வேர் ஆழத்தில் தண்ணீர் தேடிப் போகும், நமக்குப் பாய்ச்சும் வேலை மிச்சம், அதற்காகத்தான் இந்தப் பாடு.

ஒன்று கேட்கிறேன். நீதானே கணக்கு எழுதுகிறாய்? நாலு நாற்று மிஞ்சியது என்று போட்டால் யாருக்கு நஷ்டம்? மத்யாகூப் தினமும் கேட்கிறான். அம்மா பாதி வெள்ளையடித்த அறையை வந்து வந்து பார்க்கிறாள், அது இன்னும் மோசம்.

எகம்பெர்கன்

—

தாஷ்கண்ட்
29 மே

என் வீட்டுக்காரருக்கு,

முதலில் கைக்கு மருந்து போடுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டு வைத்து முள்ளை எடுக்கச் சொல்லுங்கள், விளையாட்டில்லை.

கணக்கை மாற்ற மாட்டேன். நீங்கள் கேட்டதற்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன். இரண்டாவது தடவையும் எல்லாம் வாடிவிட்டன. நான் பொய் எழுதினால், அந்த எழுத்தை நம்பி ஊர் முழுக்க தோர்லமாவை மண்ணில் விதைப்பார்கள். ஜூலையில் உங்களைத்தான் வந்து கேட்பார்கள்.

நீங்கள் ஒட்டகமுள்ளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். நீங்கள் விதையை மண்ணிலேயே போடுவதில்லையா? அப்படியானால் அந்த வயலில் மண்ணுக்குள் இருப்பது முலாம்பழ வேர் இல்லை, ஒட்டகமுள்ளின் வேர். இந்த நோய் வேர் வழியாக மட்டும்தான் ஏறும். இத்தனை வருடமும் அது நம் பழத்தைத் தொட்டதே இல்லை. முள்செடி தாங்கியதைப் பழம் தாங்கியது என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன்.

இரண்டு வசந்தம் அந்த வீட்டில் இருந்தேன். பயிர் நோய் படித்தவள். எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். "புதுப்பொண்ணு காலடி பட்டா விதை கோவிச்சுக்கும், காய் பிடிச்சப்புறம் வா" என்று அத்தை விதைப்பு சமயத்தில் என்னை வயல் பக்கமே விடவில்லை. காய் பிடித்த பிறகு போனால் பச்சைப் படுதா விரித்த மாதிரி கொடிதான் தெரியும். அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்னும் பருவம் போகவில்லை. கொஞ்சம் விதையை அதே வயலில், முள்செடி இல்லாமல், நேராக மண்ணில் போடுங்கள். வாடினால் எழுதுங்கள். வாடாவிட்டால் நானே தலைவரிடம் போய் என் சோதனை தப்பு என்று சொல்கிறேன்.

மெஹ்ரி

—

தாஷ்கண்ட்
7 செப்டம்பர்

என் வீட்டுக்காரருக்கு,

இடையில் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. கை குணமாகிவிட்டது என்று பழம் கொண்டுவரும் ரயில்காரர் சொன்னார். அதுவாவது தெரிந்தது.

ஒட்டகமுள் விஷயத்தைத் தலைவரிடம் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டார். கடைசியில், "முள்செடிக்கெல்லாம் மேலிடத்துல கிளை குடுக்க மாட்டாங்கம்மா, அவங்க கேட்டது நோய் தாங்குற ரகம்" என்றார். சோதனைத் தோட்டம் ஃபெர்கானாவுக்குப் போகிறது, அந்தப் புளிப்புக் காயோடு. என்னையும் அங்கே வரச் சொல்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டில் மூன்றாவது தடவையும் தோர்லமாவைச் சோதித்தேன், யாரும் கேட்காமலே. கடைசி நாற்று சாய்ந்த அன்று அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. அறைக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

இத்தனை கடிதத்தில் நீங்கள் ஒரு தடவைகூட 'வா' என்று எழுதவில்லை. நானும் 'வருகிறேன்' என்று எழுதவில்லை. இருவரும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தோட்டம் கிடைத்திருந்தாலும் நான் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. உங்களிடம் பொய் சொல்ல முடியாது. திட்டியாவது எழுதுங்கள்.

மெஹ்ரி

—

யாங்கியாரிக்
23 நவம்பர்

மெஹ்ரிக்கு,

நீ சொன்னபடியே ஜூனில் நேராக மண்ணில் போட்டேன். முளைத்தது, படர்ந்தது, பூவும் விட்டது. உன்னை ஜெயித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் முதல் கொடி தொங்கியது. வாரம் திரும்புவதற்குள் எல்லாம் போயிற்று. தண்டை வெட்டிப் பார்த்தேன், உள்ளே பழுப்பு. பத்தடி தள்ளி முள்செடியில் வைத்தது கல்லுமாதிரி நிற்கிறது. இனி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வாடியதைப் பிடுங்கி எரித்தேன். அப்புறம் எரித்ததற்கு வெட்கமாக இருந்தது. மத்யாகூபைக் கூட்டிவந்து ஒட்டகமுள்ளைக் கீறக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த வருடம் அவனும் செய்வான். அந்தமட்டில் உன் படிப்பு ஊருக்கு உதவியது.

அவன் மறுபடி கேட்டான், எப்ப வர்றா என்று. "வரமாட்டா"ன்னு சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், மெஹ்ரி. அதனால் நீ உன்னைப் பார்த்துப் பயப்படாதே.

'வா' என்று ஏன் எழுதவில்லை என்றால், எழுதி நீ வராமல் போனால் என்ன செய்வது என்றுதான். ஃபெர்கானாவுக்குப் போ. அங்கே குளிர் குறைவு, உன் முதுகுக்கு நல்லது.

தொங்கவிட்டதிலேயே நல்ல பழமாக ஒன்றை இந்த ரயிலில் அனுப்பியிருக்கிறேன். அம்மாதான் துணி சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "விதை எப்ப வரும்?" என்றாள். வராது என்றேன். கட்டிய முடிச்சை அவிழ்த்து, கழுவிக் காயவைத்த பழைய விதையிலும் ஒரு கைப்பிடி உள்ளே போட்டுக் கட்டினாள். அவள் கை பெரிய கை.

மண்ணில் போட்டால் வாடும், உனக்குத் தெரியும். அங்கே ஒட்டகமுள் இருக்கிறதா என்று பார். விதையைத் திருப்பி அனுப்பாதே. நீயே வைத்துக்கொள்.

எகம்பெர்கன்