சனிக்கிழமை தின்னக் கொடுத்த கேக்கு

பரமத்தி வேலூர்
ஈசுவர வருடம், புரட்டாசி, புதன்கிழமை

செல்ல மகள் குஞ்சம்மாளுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பெங்களூரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று பெருமாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், எனக்கு மனசுதான் சுகமில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டாதே.

ஆடிக்கு வந்தபோது நீ சொல்லிக்கொடுத்த கேக்கைப் போன வியாழக்கிழமை செய்துபார்த்தேன். கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய், நாலு கோழிமுட்டை, ஏலக்காய், ஒரு சிட்டிகை சோடா உப்பு, எல்லாம் நீ சொன்னபடியே நுரைக்க நுரைக்க அடித்து, இரும்புச் சட்டியில் ஆற்றுமணலைக் கொட்டி உள்ளே குண்டாவை வைத்து மூடி, மேலே தேங்காய்த் தொட்டிக் கங்கு போட்டேன். அடி கொஞ்சம் தீய்ந்தாலும் நன்றாக உப்பி வந்தது. பாதியைத் தின்றோம், வெள்ளியும் சனியும் நம் வீட்டில் முட்டை ஆகாதே, மீதியை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று கூடையால் மூடிவைத்தேன். மூடினவள் உங்கப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

சனிக்கிழமை நான் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போய்விட்டேன். உன் தங்கச்சி செல்லியம்மாளைப் பெண் கேட்டிருக்கிறார்களே அக்கரைப் புகளூர்க்காரர்கள், அந்தப் பையனின் அம்மா பாவாயி நாமக்கல்லில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, பரிசல் ஏறுமுன் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். உங்கப்பா பெருமை தாங்காமல் பெரிய மகள் சொல்லிக்கொடுத்த பெங்களூர்ப் பலகாரம் என்று அதையே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். நான் வரும்போது அந்தம்மா இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருக்கிறார். ஏனுங்க சம்பந்தி, பஞ்சாட்டம் இருக்குதுங்க, என்ன போட்டுச் செஞ்சீங்க என்று கேட்டார். அவர் வாயில் சம்பந்தி என்று வந்தது அதுதான் முதல் தடவை. தயிருங்க என்று சொல்லிவிட்டேன் அம்மிணி, என் நாக்கில் இடி விழ. அப்புறம்தான் அவர் சொல்கிறார், போன வருஷம் பையன் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தானாம், அதற்காகப் புரட்டாசிச் சனிக்கிழமையெல்லாம் தான் கவிச்சி படாமல் சுத்தமாக ஒரு பொழுது இருப்பதாக வேண்டுதலாம். அவர் போன பிறகு உங்கப்பாவைப் பிடித்து ஆய்ந்துவிட்டேன். மாவும் சர்க்கரையும்தானேன்னு நெனச்சேன் என்கிறார், முட்டை உடைத்த ஓடு வாசலில் கிடந்ததைப் பார்த்த மனுஷன்!

அதோடு போயிற்றா, திங்கட்கிழமை பரிசல்காரர் சின்னண்ணன் வந்து அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்கிறார். மழையில் நனைந்த காய்ச்சல்தான், நீ வாயை மூடிக்கொண்டு இரு, சொன்னால் சம்பந்தம் போச்சு என்கிறார் உங்கப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் பெண்ணின் வாழ்வு போகிறது, சொல்லாமல் விட்டால் அந்தப் பையனுக்கு என்ன ஆகுமோ.

நேற்றுத்தான் கவனித்தேன், செல்லியம்மாள் சனிக்கிழமையிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். ஏன் சாமி, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். அவங்க விரதம் நம்ம ஊட்டுலதானுங்கம்மா கெட்டுச்சு, அதை நான் புடிச்சுக்கிறனுங்க என்கிறாள். யாரும் சொல்லாமல் அவளாகவே இருந்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் பொய்யைச் சுமந்துகொண்டு திரிய எனக்குத் தைரியம் இல்லை.

நாளைக் காலை முதல் பரிசலில் அக்கரைக்குப் போகிறேன். காலில் விழுந்தாவது சொல்லிவிடுவேன். ஆற்றில் தண்ணீர் அதிகம், உங்கப்பா போகவேண்டாம் என்று கத்துகிறார், கத்தட்டும். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் சம்பந்தம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தம்மா என்னை வாசலோடு திருப்பி அனுப்பினால் செல்லியம்மாளை எப்படித் தேற்றுவேன் என்றுதான் தெரியவில்லை.

உன் வீட்டில் விளக்கு அணையாமல் எரியட்டும், குழந்தை நூறு வயது இருக்கட்டும். சனிக்கிழமை அங்கே பெருமாள் கோயிலுக்குப் போய் அந்தப் பையனுக்கு ஒரு விளக்குப் போடு. அவன் நம் வீட்டு மாப்பிள்ளையாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பேர் கந்தவேல், மறந்துவிடாதே.

உன் அம்மா
உண்ணாமலை