தோளில் இருந்த ஊக்கு

ஆவணி 10, புதன்

“ஊக்கைக் கழற்றுங்க” என்று இன்று நான் சொல்லவில்லை.

பட்டாசுக் கம்பெனி வாசலில் பெண்களின் உடையைப் பார்த்து உள்ளே விடுவது என் வேலை. பருத்தித் துணி மட்டும்தான். உரசினால் தீப்பொறி வரும் என்பதால் குண்டூசிகூடக் கூடாது. மீறினால் அன்றைக்கு வேலை இல்லை.

முத்துமாரி அக்காவின் ரவிக்கைத் தோளில் ஊக்கு இருந்தது. கழற்றினால் கிழிசல் திறந்துகொள்ளும். பக்கத்து வரிசையில் ஆண்கள் நின்றார்கள். வாசலுக்கு வெளியே உள்ள என் அறைக்கு அவரை அழைத்துப் போனேன்.

“திருப்பி அனுப்பிராதீக தாயி. இந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு நாள் லீவு. இன்னைக்கும் போனா என்னைய நிப்பாட்டிருவாக.”

“அனுப்பலக்கா. அசையாம நில்லுங்க.”

ஊக்கை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, நூல் கோத்துக் கிழிசலைத் தைத்தேன்.

“முதுகையும் சேத்துத் தச்சுராதீக” என்று சிரித்தார். முடித்ததும் மெல்லக் கையை நீட்டி, என் துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றி அதே டப்பாவில் போட்டார். காலை அவசரத்தில் நான் குத்தியது. அந்த ஊக்கோடு வெடிமருந்து அறைவரை போய் வந்திருக்கிறேன்.

“வரிசையிலயே பாத்தேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்களை எப்படிச் சொல்ல?”

விதி மீறியவர்களின் பதிவேட்டில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

மாலையில் டப்பாவைத் திறந்தபோது எது யாருடைய ஊக்கு என்று தெரியவில்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அவர் சாத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனார்.