செம்பாறைப் படங்கள்

அன்புள்ள மகளுக்கு,

பாலைவனத்தில் நீ எங்களைக் கூட்டிப்போன செம்பாறைப் பாதையில் அப்பா எடுத்த படங்களைக் கழுவி வாங்கினேன். அன்று அவர் வளைவுக்கு வளைவு நின்றபோது, "அப்பாக்கு இப்ப படம் எடுக்கிற விசர்!" என்று முன்னால் நடந்த நீ சிரித்தாய்.

"நீ நட பிள்ளை, நான் வாறன்," என்றார். எதையும் எளிதில் நம்பாத நானும், படம் எடுக்கத்தான் நிற்கிறார் என்று நம்பிவிட்டேன்.

படங்களில் பாறைகள் ஒழுங்காக விழவில்லை. எல்லாவற்றிலும் உன் முதுகுதான், போகப்போகச் சிறியதாக.

நேற்று இங்கே வால்தம்ஸ்டோ ரயில் ஸ்டேஷன் படிகளில் பாதியில் நின்றார், கைப்பிடியைப் பற்றியபடி. "நீர் நடவும், நான் வாறன்," என்றார். கையில் கமரா இல்லை.

டொக்டரிடம் போக மாட்டாராம். நீ சொன்னால் கேட்பார். ஃபோனில் வேண்டாம், வந்து சொல்.

அம்மா