ராசிக்காசு கொடுக்காமல் விற்ற கார்

அன்பு மகன் டெக்லனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், மனசைத்தான் கேட்காதே. நீ இருக்கிற பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே, தொப்பியில்லாமல் வெளியே போகாதே. இங்கே டொனிகாலில் மழை விட்டபாடில்லை.

நீ சொன்னபடியே உன் நிசான் சில்வியா கார் சனிக்கிழமை விலைபோய்விட்டது. லெட்டர்கென்னியிலிருந்து கஹால் என்று ஒருவன் வந்தான், நல்ல பிள்ளை. வந்ததும் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டுத் துரு இல்லையே, மழையே காட்டலையா?" என்று வாயைப் பிளந்தான். அப்பா எங்கே காட்டினார்! நீ போனதிலிருந்து தன் டிராக்டரை மழையில் விட்டுவிட்டு உன் காரைத்தான் கொட்டகையில் வைத்திருந்தார். ஜப்பானிலிருந்து வந்த நல்ல வண்டியை தரையை உரசுகிற மாதிரி இறக்கி இறக்கித் தவளையாட்டம் ஆக்கிட்டானே என்று உன்னைத் திட்டித் தீர்த்த அதே மனுஷன்தான், அடிப்பக்கம் இடிக்கும் என்று போன மாதம்கூட நம் பாதைப் பள்ளத்தில் சரளை கொட்டினார். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். "வந்தா இடிக்குமில்ல" என்றார்.

ஒரு கன்றுக்குட்டி விற்றால்கூட வாங்கினவனுக்கு ராசியாக இருக்கட்டும் என்று விலையில் கொஞ்சத்தை ராசிக்காசாகத் திருப்பிக் கொடுக்காமல் அனுப்பமாட்டாரே உன் அப்பா. அன்றைக்கும் ஒரு ஐம்பது யூரோத் தாளை மடித்துச் சட்டைப்பையில் தயாராகத்தான் வைத்திருந்தார், நான் பார்த்தேன். கஹாலும் தயங்கித் தயங்கி நின்றான். இவரோ கையைக் குலுக்கிவிட்டு, போய்க் கேட்டைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். நீ மாட்டின சைலன்சர் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பெர்னி மாவுக்கையோடு ஓடிவந்து, "டெக்லன் வந்துட்டானா?" என்றாள். எனக்குத் தாங்கவில்லையடா, உள்ளே போய் அழுதேன்.

அப்புறம் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊரே கஞ்சன் என்று சிரிக்குமே, ஏன் கொடுக்கவில்லை என்றேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "குடுத்துட்டா வித்து முடிஞ்சதா ஆயிடும் நொரீன். அப்புறம் டெக்லன் எதுக்கு இங்க வருவான்?" என்றார்.

பணம் முழுவதும் உன் கணக்கில் போட்டாயிற்று. நீ அங்கே வீடு வாங்குவதை நாங்கள் தடுக்கவில்லை கண்ணா, நன்றாக இரு. சமையலறை ஜன்னல் காற்று வருகிற பக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கடவுளும் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்த ஐம்பது யூரோ இன்னும் அதே சட்டைப்பையில்தான் இருக்கிறது, சட்டையைத் துவைக்கவும் விடமாட்டேன் என்கிறார். கார் உன்னுடையது, கஹாலுக்கு ராசிக்காசை நீயே வந்து கொடு.

என்றும் உன் அம்மா,
நொரீன்