குப்பை வாளியில் கிடந்த ஞானஸ்நானப் படம்

6 அக்டோபர் 2025, திங்கள்

இன்று பஸ்ஸின் போர்டை நானே வாசித்தேன். தக்கலை. கண்டக்டரிடம், “இது தக்கலை வண்டியாக்கும்” என்றேன். “அது எனக்கும் தெரியும் பாட்டா, ஏறுங்க” என்றான். வழியெல்லாம் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனேன். இறங்க மறந்துவிட்டேன்!

முதியோர் எழுத்து வகுப்பில் நேசபாய் டீச்சர் சொன்னாள்: “மெதுவா பிடியுங்க பாட்டா. அது பேனா, ரப்பர் மரம் வெட்டுக கத்தி இல்ல.” யேசுரத்தினம் என்ற என் பெயர் இப்போது ஒரே கோட்டில் நிற்கிறது.

9 அக்டோபர்

மருமகள் ரெனிஷா வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்தாள். குப்பை வாளியில் ஒரு படம். பேத்தி பிரீனாவின் ஞானஸ்நானத்தன்று கோயில் படியில் எடுத்தது. ரெனிஷா கையில் குழந்தை. பக்கத்தில் என் மகன் ஷிபு, கண் சிவந்து. அன்றைக்கும் குடித்திருந்தான். பின்னால் நான். ஷிபுவின் முதுகில் கை வைத்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் அவன் விழாமல் இருக்கச் சட்டையைப் பிடித்திருந்தேன்.

துடைத்து எடுத்து வைத்தேன்.

10 அக்டோபர்

“படத்த எடுத்தியளா மாமா?”

“எடுத்தேன் மக்களே.”

“எனக்கு அதக் கண்டா வயிறு எரியுது. அவரு திரும்பி வந்து இந்த மட்டமும் குடிச்சா நான் பிள்ளையத் தூக்கிட்டு குளச்சலுக்கு, அம்மைக்க வீட்டுக்குப் போயிருவேன். பொறவு என்னக் குத்தம் சொல்லப்பிடாது.”

ஷிபு இப்போது நாகர்கோவிலில், குடியை விட வைக்கும் இடத்தில் இருக்கிறான். இது இரண்டாவது முறை. அவள் மேல் என்ன குற்றம் சொல்வேன்? ஆனால் பிரீனா இல்லாத வீட்டில் நான் யாருக்கு வாசித்துக் காட்டுவேன்?

26 அக்டோபர், ஞாயிறு

ஷிபுவைப் பார்க்கப் போனேன். குழந்தையைப் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று படத்தையும் கொண்டுபோனேன். ரெனிஷாவிடம் சொல்லவில்லை.

வெகுநேரம் பார்த்தான். “உங்க கை எங்கப்பா?”

“உனக்க சட்டைக்குப் பின்னால.”

“எனக்கு இது ஒண்ணுமே ஓர்மை இல்ல. பிள்ளைக்க ஞானஸ்நானம் எனக்கு ஓர்மை இல்லப்பா.”

அழுதான். ஏன்தான் கொண்டுபோனேனோ— கிழட்டுப் புத்தி. திரும்பக் கேட்டதற்குத் தரவில்லை. “இஞ்ச இருக்கட்டு” என்றான்.

17 நவம்பர்

ஷிபு வந்துவிட்டான். ரெனிஷா கஞ்சி வைத்தாள், பேசவில்லை. பிரீனா என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறாள்.

28 நவம்பர், வெள்ளி

இன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முறைப்படி மாதம் ஒரு வீடு. அந்த வீட்டு ஆண்தான் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஷிபு குடித்துக் கிடந்ததாலும் எனக்கு எழுத்துத் தெரியாததாலும் இவ்வளவு காலம் ரெனிஷாதான் வாசித்தாள்.

இந்த முறை நான்! வேதப்புத்தகத்தில் அன்றைக்குரிய சங்கீதத்தை மனப்பாடம் ஆகும்வரை வாசித்திருந்தேன். வெளுத்த வேட்டி கட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரெனிஷா வேதப்புத்தகத்தோடு வந்தாள். கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய், சுவரோரம் இருந்த ஷிபுவின் மடியில் வைத்தாள்.

“நீங்க வாசியுங்க.”

அவன் வந்தபிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

வாசிக்கத் தொடங்கினான். பாதியில் ஒரு வரியில் நின்றுவிட்டான். என்னால் இருக்க முடியவில்லை, அடுத்த வரியை இங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“மாமா, சும்ம இரியுங்க. அவரே வாசிக்கட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஷிபுவும். பிறகு கடைசிவரை வாசித்தான். என் வாயும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கொஞ்சம்தான்.

1 டிசம்பர், திங்கள்

பிரீனாவைப் பள்ளிக்கூடத்தில் விட ஷிபு தனியாகப் போனான். ரெனிஷாவே பையை அவன் தோளில் மாட்டினாள். நானும் செருப்பைப் போட்டேன்.

“நீங்க எங்க போறிய மாமா?”

“சும்மா, முக்கு வரைக்கும்.”

“வேண்டாம். இரியுங்க.”

இருந்தேன். அவளும் வாசலை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் மதுக்கடை.

வந்துவிட்டான். அவன் வெளியே போய் வந்தால் பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்ப்பது அவள் வழக்கம். இன்று நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்:

“பிள்ள அழுதுதா?”

“இல்ல. கையக் காட்டிட்டு உள்ள ஓடிச்சு.”